எண்ண மறுத்த கீர்த்தி

போன சனிக்கிழமை ஓர் ஆறு வயசுப் பிள்ளை என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டாள். இரண்டு கையாலும்... பல்லைக் கடித்துக்கொண்டு.

விளையாட்டுக்கு இல்லை. சாயங்காலம் வரை வலித்தது. இப்போது வலி போய்விட்டது. மடக்கும்போது அவள் சொன்ன வார்த்தைதான் இன்னும் போகவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஜெசிந்தா என் தோழி. ஈப்போவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் இப்போது சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பாலர் பள்ளி நடத்துகிறாள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த தோட்டம். பாதிக் குடும்பங்கள் கிளம்பிவிட்டன. மீதிப் பேர் அங்கேயே இருந்துகொண்டு பேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறார்கள். பள்ளி நடப்பது ஆயாக்கொட்டகையில் — ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். ஜெசிந்தா புதுச் சாயம் அடித்து, சுவரில் யானை வரைந்து வைத்திருக்கிறாள். அந்த யானை கொஞ்சம் பன்றி மாதிரி இருக்கும். சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை அவளிடமிருந்து போன்.

“சனிக்கிழமை ஃப்ரீயா? ஒரு பிள்ளைய வந்து பாருடி. எனக்கு மண்டை காயுது.”

“நான் என்ன டாக்டரா? பத்திரிகையில எழுதுறவ.”

“டாக்டர்கிட்டதான் கொண்டுபோகச் சொல்றாங்க. அதுக்கு முந்தி நீ ஒரு தடவ வா.”

விஷயம் இதுதான். பிள்ளையின் பெயர் கீர்த்தி. அடுத்த வருஷம் பெரிய பள்ளியில் முதலாம் ஆண்டு. எழுத்தெல்லாம் தெரியும். விரலை வைத்து வரி வரியாகப் படிப்பாள். ஆனால் எண்ண மாட்டாள். ‘ஒண்ணு’ என்று வாயைத் திறக்க மாட்டாள். வருஷ ஆரம்பத்தில் இருபது வரை கடகடவென்று சொன்னவள்தான். நடுவில் அவள் அப்பா முரளி சாலை விபத்தில் இறந்துபோனார். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, மழையில், ஒரு லாரி. அதிலிருந்துதான் இப்படி.

“அதிர்ச்சின்னு நெனச்சேன்” என்றாள் ஜெசிந்தா. “அதிர்ச்சின்னா படிப்பும்லா நிக்கணும்? படிக்கிறா. பாடுறா. எண்ண மட்டும் மாட்டேங்கிறா.”

அடுத்த வருஷம் சேரப்போகும் பிள்ளைகளைப் பார்க்கப் பெரிய பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், இவளைச் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ப்பதுதான் நல்லது, மருத்துவமனையில் காட்டி எழுதி வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாய் புவனாவும் தலையை ஆட்டிவிட்டாள். அந்த வகுப்பில் ஒன்றும் கேவலம் இல்லை, வாசகர்களே. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது வரம். தேவைப்படாத பிள்ளையை அங்கே உட்கார வைத்து, ‘உனக்குக் கணக்கு வராது’ என்று நம்ப வைத்துவிட்டால்? அந்தப் பிள்ளை அதை எத்தனை வருஷம் தூக்கிச் சுமக்கும்? ஜெசிந்தாவுக்கு மண்டை காய்ந்தது அதனால்தான்.

சனிக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து கிளம்பி, சிம்பாங் பூலாயில் பசியாறிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். பாய் விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா கையில் அவளே செய்த படப் புத்தகம். மணிலா அட்டை, கம்பிச் சுருள், சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளிலிருந்து வெட்டி ஒட்டிய பழங்கள்...

எதற்காக இந்தப் பாடு? கடையில் வாங்கிய புத்தகத்தில் ஆப்பிளும் பனிப்பொம்மையுமாக இருந்ததாம். பனியை எண்ணச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறார்கள் என்றாள்.

அவள் வாசிப்பதைப் பார்க்க வேண்டும். அவசரமே கிடையாது. படத்தில் ஒவ்வொன்றாக விரலை வைப்பாள். ஒரு பழத்துக்கு ஒரு விரல், ஒரு எண். வரியின் கடைசிச் சொல் வரும்போது நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் முடித்துவைக்க வேண்டும்.

“ரெண்டே ரெண்டு ரம்புத்தான்,
ரெண்டும் எனக்கு...”

“மட்டுந்தான்!” — கூரை அதிர்ந்தது.

“மூணே மூணு மைனாக் குஞ்சு,
மெத்தை போட்டது இலவம்...”

“பஞ்சு!”

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓசை ஒத்துவருகிற பாட்டில், அடுத்த சொல் என்னவென்று பிள்ளையின் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்த சொல்லைத் தாளில் தேடுகிறது. அகப்பட்டதும் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத்து மனசில் உட்காருகிறது. மிரட்டி உட்கார வைத்த எழுத்து அடுத்த மாதமே எழுந்து ஓடிவிடும்... நம்மில் பலர் கணக்கை விட்டு ஓடியது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

கீர்த்தி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை, முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் பாடினாள். காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன்.

“ம்... ம்... ரம்புத்தான். ம்ம்... எனக்கு மட்டுந்தான்.”

எண் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு முனகினாள். ஒன்று விடாமல், ஒவ்வொரு எண்ணையும் தாண்டினாள். எண் தெரியாத பிள்ளைக்கு, எந்தச் சொல் எண் என்று எப்படித் தெரியும்? தெரிந்தவள்தானே பார்த்துப் பார்த்துத் தாண்ட முடியும்?

கடைசிப் பக்கம் வந்தது. ஒரு வீடு, கதவு, ஜன்னல். ஆட்கள் யாரும் இல்லை.

“உங்க வீட்டில் எத்தனை பேரு?
ஒவ்வொரு ஆளா எண்ணிப்...”

“பாரு!”

கீர்த்தி முன்னால் நகர்ந்து, உள்ளங்கையை விரித்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்து மூடினாள். ஜெசிந்தா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எப்போதும் இந்த இடத்தில் இப்படித்தான் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நிலைமை இறுகினால் கோமாளித்தனம் செய்வேன். “சரி, புத்தகம் வேணாம். இங்க எத்தன பேர் இருக்கீங்கன்னு ஆண்ட்டி எண்ணுறேன் பாருங்க” என்று, விரலை நீட்டிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காட்டத் தொடங்கினேன். ஒண்ணு... ரெண்டு... மூணு...

அப்போதுதான் பாய்ந்து வந்து விரலை மடக்கினாள்.

“எண்ணாதீங்க ஆண்ட்டி! எண்ணுனா செத்துருவாங்க!”

பிள்ளைகள் எல்லாரும் கீர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள்.

“யாருடா சொன்னா அப்படி?” என்றேன், மெதுவாக.

“யாரும் சொல்லல. நான் எண்ணுனேன். அப்பா செத்துட்டாரு.”

ஆறு வயசு. தன் அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, சடை பின்னி, பூ வைத்து, தினமும் பள்ளிக்கு வந்துபோயிருக்கிறது. கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்களில் பலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நம் வீடுகளில் ஆட்களை எண்ண மாட்டோம். பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணவே மாட்டோம். ஆகாது, கண் படும், குறைந்துபோகும்... சாப்பாட்டுக்கு ஆள் பார்க்க வேண்டுமென்றால்கூட, ‘எத்தன தட்டு?’ என்போம். விருந்தென்றால், ‘எத்தன இலை?’ தட்டை எண்ணலாம், இலையை எண்ணலாம். தலையை எண்ணக் கூடாது.

தோட்டத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். விடியும் முன் தொழிலாளர்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்து ஆள் எண்ணுவார்கள். யார் வந்தது, யார் வரவில்லை, யாருக்குச் சம்பளம் வெட்டு... களத்தில் தினமும் தலை எண்ணப்பட்டவர்கள், வீட்டுக்குள் வந்த பிறகாவது எண்ணாமல் இருப்போம் என்று நினைத்ததில் என்ன தப்பு? நானே இந்த வயதிலும், பிள்ளைகள் காரில் ஏறினால், ‘எல்லாரும் ஏறியாச்சா?’ என்றுதான் கேட்கிறேன். ஒருநாளும் எண்ணியதில்லை.

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு ஜெசிந்தா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் குடுத்த வீட்டுப்பாடம்டி. அந்தக் கடைசிப் பக்கத்தப் பாடி, வீட்டுல இருக்கிறவங்கள எண்ணிட்டு வான்னு சொன்னேன். எங்க வீட்டுல ராத்திரி ஜெபத்துல ஒவ்வொருத்தர் பேரா சொல்லித்தான் முடிப்போம். எண்ணுனா ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அழுதாள். கிறிஸ்துவ வீட்டில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரிய நியாயமில்லை. நான் கீர்த்தியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். நான் படித்தவள் அல்லவா, எடுத்துச் சொன்னால் அவளுக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு.

“அப்பா போனது மழையாலடா. ரோடு வழுக்குச்சு. லாரிக்காரனுக்குக் கண்ணு தெரியல. நீ எண்ணுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“பக்கத்து வீட்டு மாமாவும் அன்னிக்கு மழையிலதான் மோட்டார்ல போனாரு. அவரு செத்துப்போகல. அவர நான் எண்ணல.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இந்தப் பிள்ளைக்குத்தான் கணக்கு வராதாம்!

மதியத்துக்கு முன் புவனா வந்தாள். பேக்டரிச் சட்டை, இடுப்பில் இரண்டு வயசு மகன் கவின். முப்பது வயசுகூட இருக்காது. ஜெசிந்தா நடந்ததைச் சொல்லச் சொல்ல, புவனா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான்க்கா” என்றாள் என்னைப் பார்த்து. “அன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பாட்டப் பாடிக்கிட்டே விரல நீட்டி எண்ணுனா. அப்பாவத்தான் மொதல்ல காட்டுனா. அவரும் சிரிச்சுக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. நான் அடுப்படியில இருந்து ஓடி வந்து கைய தட்டிவிட்டேன். ஆளுங்கள எண்ணாதடி, ஆகாதுன்னு சத்தம் போட்டேன். அந்த வாரமே...”

கவின் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, ஈரமான கையைத் தன் சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

“அதுக்கப்புறம் அவகிட்ட ஏதாச்சும் சொன்னியா?”

“இல்லக்கா.” தலையைக் குனிந்துகொண்டாள். “உண்மையச் சொல்லட்டுமா? காரியத்தன்னிக்கு எனக்கே தோணுச்சு. இவ எண்ணுனதாலயான்னு. பெத்தவ நெனைக்கிற நெனப்பா இது? வாயத் தொறந்து சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல. அவ என் மூஞ்சியப் பாத்திருப்பா.”

ஜெசிந்தா உடனே, “என் தப்பு புவனா, நான்தான் வீட்டுப்பாடம்...” என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

“ஆளாளுக்குத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா, அந்தப் பிள்ள தலையில இருக்கிறத யாருலா எறக்குறது?”

வெளியே கீர்த்தி தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா” என்றேன். “டீச்சர் சொன்னாலும் நம்ப மாட்டா. எண்ணாதேன்னு சொன்னது நீ. நீ எண்ணிக் காட்டணும் புவனா. அவ கண்ணு முன்னால. விரல நீட்டி.”

சொல்வது எனக்கு எளிது. அவள் மகனை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த இரண்டு பிள்ளைகள்தான். இந்த இரண்டையும் விரல் நீட்டி எண்ணு என்கிறேன் நான்... எவ்வளவு பெரிய காரியத்தை அவளிடம் கேட்டேன் என்பது, அவள் கை இறுகியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“எண்ணுனா ஒண்ணும் ஆகாதுல்லக்கா?”

ஆகாது என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு எண்ணி, நாளைக்குக் கவினுக்குக் காய்ச்சல் வந்தால்? காய்ச்சல் வராத பிள்ளை உண்டா? வந்தால் தாயும் மகளும் எதை நினைப்பார்கள்? பகுத்தறிவு பேசி நான் நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது வேறு.

“நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு எப்படி புவனா தெரியும்?” என்றேன் கடைசியில். “காய்ச்சல் வரும், கீழ விழுவாங்க, எல்லாம் நடக்கும். எண்ணுனாலும் நடக்கும், எண்ணாட்டியும் நடக்கும். ஆனா நீ எண்ணாம விட்டா இவளுக்கு என்ன ஆகும்னு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.”

புவனா மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். நாங்கள் வாசலோடு நின்றுகொண்டோம்.

ஊஞ்சல் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கவினை இறக்கி நிற்க வைத்தாள். கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, அம்மா அன்னிக்கு உன்னய ஏசுனது தப்பு. நீ எண்ணுனதால அப்பா போகல. அம்மா இப்ப எண்ணுறேன். பாரு.”

விரலை நீட்டினாள்.

“ஒண்ணு, அம்மா.” தன் நெஞ்சைத் தொட்டாள்.

“ரெண்டு...” விரல் கவின் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. “ரெண்டு, கவின்.” மகன் தலையைத் தொட்டாள்.

“மூணு, கீர்த்தி.”

கீர்த்தி அம்மாவைப் பார்க்கவே இல்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கல்லைப் பொறுக்கி வாயில் போடப் போனான். அவள் சட்டென்று இறங்கிப் பிடுங்கி எறிந்தாள். அவன் வீறிட்டு அழுதான். நல்ல பலமான அழுகை.

அவ்வளவுதான். பிள்ளை உடனே எண்ணிவிட்டாள், எல்லாரும் கைதட்டினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. கீர்த்தி வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் மோட்டார் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். நான் ஈப்போ வரும் வழியெல்லாம், தேவையில்லாத ஒன்றைச் செய்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, கைப்பேசியில் புவனாவின் குரல் பதிவு. திறந்து கேட்கப் பயமாக இருந்தது. முதலில் கவின் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு விட்டேன்.

“அக்கா... காலையில எழுந்ததும் என் மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்தா. நான் தூங்குற மாதிரியே கெடந்தேன். அப்புறம் தம்பி மூக்குக்கிட்ட வச்சுப் பாத்தா. அப்புறம் விரல நீட்டிட்டாக்கா. சொவத்துல இருக்கிற அவரு போட்டோவத்தான் மொதல்ல காட்டுறா. ஏண்டி அப்பாவ மொதல்ல எண்ணுறன்னு கேட்டேன். ‘அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுல்லம்மா... பயமில்லாம ஆரம்பிக்கலாம்’ங்கிறா.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஒண்ணு அப்பா, ரெண்டு அம்மா, மூணு தம்பி, நாலு நானுன்னு முடிச்சுட்டா. எங்க வீட்டுல நாலு பேருன்னு டீச்சர்கிட்டயும் சொல்லப்போறாளாம். இப்ப மூணு பேருதானேக்கா... திருத்தணுமா?”

திருத்தாதே புவனா, பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள் என்று பதில் அனுப்பினேன்.